கொடைக்கானலில் தங்கிய தம்பதி

வீட்டு நாற்காலியில் மாசிலாமணி, கட்டிலில் அவர் மனைவி தமயந்தி, சுவர்த்திரையில் ஓட்டல் மேலாளர்: பஞ்சாயத்தில் இவ்வளவு பேர்தான். புயலில் மலைப்பாதை அடைபட்டுக் கொடைக்கானல் பயணம் நின்றுபோனதால் அறைப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

“அறை காலியாக இல்லையே சார். நீங்கள் வராததால் உங்களைப் போலவே செய்த இயந்திர நகல்களைத் தங்கவைத்தோம். விதிப்படி நீங்கள் தங்கியாயிற்று.”

“நாங்க திங்காத பொங்கலுக்கும் காசா?” என்று எகிறினார் மாசிலாமணி.

மேலாளர் அசராமல் அந்த அறையின் காணொளிப் பதிவை ஓடவிட்டார். தள்ளுபடிக்காக மாசிலாமணி ‘அன்பான தம்பதி’ என்று பதிந்திருந்தார், நகல்களையும் அப்படியே செய்திருந்தார்கள். நகல் கணவன், நகல் மனைவிக்குச் சால்வை போர்த்தி, “குளிருதா தமயந்தி?” என்றது.

தமயந்தி கட்டிலைவிட்டு எழுந்து திரையருகே போனாள். கல்யாணமான நாள்முதல் அவளுக்கு ‘ஏய்’தான் பெயர்.

“ஆட்சேபம் இருந்தால் காகிதத்தில் கடிதம் போடுங்கள்” என்று சொல்லி மேலாளர் திரையிலிருந்து மறைந்தார்.

“ஏய், வட்டியோட கேட்டு எழுதுடி!”

எழுதினாள். “ஐயா, பணம் வேண்டாம். சால்வை போர்த்திய அந்த நகலை அனுப்புங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.” உறையை அழுத்தி ஒட்டித் தானே போய்த் தபாலில் சேர்த்தாள்.