விடுபட்ட இரண்டு மணி நேரம்

நான்காவது தடவையாகக் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

"உயிரே இல்லை. போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கு," என்றார் ஆசிரியர், தலையை நிமிர்த்தாமலே.

நிருபர் தாள்களை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன் பைக் விபத்தில் போன தம்பியைப் பற்றி, 'நான்' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். ஞாயிறு இணைப்புக்கு அதை எழுதச் சொன்னதே அவர்தான். வீட்டில்கூட அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

தம்பி நீலச் சட்டை போட்டிருந்தான் என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, மேலே 'சாம்பல்' என்று திருத்தியிருந்தார். விபத்துக்கு முந்தைய எட்டு மாதம் அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை என்ற வரியில் மட்டும் பேனா படவே இல்லை.

பக்கம் வடிவமைப்பவர் எட்டிப் பார்த்தார். "அஞ்சு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணுங்க. நீங்க சொன்னாத்தான் சார் கேப்பார்."

"நான் சொல்லி அவர் என்னிக்குக் கேட்டிருக்கார்?" என்று எரிந்து விழுந்தாள்.

நாலு வரி கூட்டி, இரண்டு வரி குறைத்து, மறுபடியும் கண்ணாடி அறைக்குள் போனாள். ஆசிரியர் நேராகக் கடைசிப் பத்திக்குப் போனார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் அவன்கூட இருந்திருக்கே. திரும்பவும் ஒரே வரியில தாண்டிட்டியே?"

"அவ்வளவுதான் சார் வருது."

"நினைவு இருந்ததா?"

"இருந்தது."

"வலிக்குதுன்னு சொன்னானா?"

"சார்... போதும்."

"யாரையாவது தேடினானா? அப்பாவைக் கேட்டானா?"

அவளுக்குப் பொறுக்கவில்லை. தாள்களை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"என் தம்பி சாவை வச்சுத்தான் உங்க பக்கம் நிரம்பணுமா? படிக்கிறவங்க உச்சுக் கொட்டணும்னு அவன் கடைசியாப் பேசினதைக் கூவி விக்கணுமா? என்னால முடியாது. வேற ஆளைப் பாத்துக்குங்க!"

வெளியே கணினிகளின் தட்டல் சட்டென்று நின்றது. ஆசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். தொலைபேசியை எடுத்து, "அந்தப் பக்கத்துக்கு வேற ஏதாவது போட்டுடுங்க," என்று சொல்லி வைத்தார்.

சிதறிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்.

அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"பேப்பருக்குச் சொல்ல வேண்டாம்மா... இந்த அப்பாவுக்காவது சொல்லு."