இரண்டு வைத்தியர் பார்த்த யானை

காட்டில் ஒரு யானைக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் தட்டாத யானை அது. ஒரு மரத்தின் மேலே இருந்த மரங்கொத்தி வைத்தியர் இறங்கிவந்து காலைத் தட்டிப் பார்த்து, "தினமும் விடிந்ததும் ஆற்றங்கரை வரைக்கும் நடங்க" என்றது. அன்று சாயங்காலம், அதே மரத்தடியில் மருந்து கொடுக்கும் கரடி ஒரு வேரை நீட்டி, "விடிந்ததும் இதைத் தின்னுங்க, வலி தெரியாம தூங்கலாம்" என்றது.

மறுநாள் யானை வேரைத் தின்றுவிட்டு நடந்தது. ஆற்றங்கரையில் கண் சொருகி, கழுத்தளவு சேற்றில் சரிந்து விழுந்தது.

பிளிறல் கேட்டு இரண்டும் ஓடிவந்தன.

"தூங்குற மருந்தா கொடுத்தே?" என்று பதறியது மரங்கொத்தி.

"நீ நடக்கச் சொன்னது எனக்கெப்படித் தெரியும்?" என்ற கரடி, யானையிடம் திரும்பியது. "நீங்களாவது சொல்லக் கூடாதாண்ணே?"

"ஒரே மரத்துல இருக்கீங்க, பேசிக்கிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றது யானை.

இரண்டுக்கும் முகம் தொங்கிவிட்டது.

கூட்டத்து யானைகள் வந்து அதை இழுத்துக் கரையேற்றின. அடுத்த நாள் மரங்கொத்தி கரடியின் தோளில் உட்கார்ந்து வந்தது. எவ்வளவு வேர், எவ்வளவு நடை என்று யானையின் எதிரிலேயே இரண்டும் உச்சிப்பொழுது வரை மல்லுக்கு நின்றன. யானை காதை விரித்து எல்லாவற்றையும் கேட்டது. பிறகு, வலிக்கிற காலை நிம்மதியாக அவற்றின் முன் நீட்டியது.