தொண்ணூற்றாறு சதவீதம்

திரையில் 96 சதவீதம் என்று வந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

வேலைக்கு விண்ணப்பித்த பன்னிரண்டு பேர் வீட்டிலிருந்து எழுதி அனுப்பிய புரோகிராம்கள் என் முன்னால் இருந்தன. எழுதியவர்கள் நேர்காணலுக்காக வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். சிபாரிசு நுழைந்துவிடக் கூடாது என்று ஆபீஸில் அப்படி ஒரு ஏற்பாடு.

காப்பியடித்தவர்களைப் பிடிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது, புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் லைப்ரரியைக் கூப்பிட்டு, புரோகிராமை டோக்கன் டோக்கனாக உதிர்த்துக் கொடுக்கும். ஒரு சொல், ஒரு அடைப்புக்குறி, ஒரு கூட்டல் குறி என்று தனித்தனியாக. பெயர்களை மாற்றலாம், நடுவே எழுதிய விளக்கக் கமெண்டை அழிக்கலாம். எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று டோக்கன்களின் வரிசை காட்டிக் கொடுத்துவிடும்.

ஏழாம் எண் யாருடையதைத் திருடியிருந்தது தெரியுமா? என்னுடையதை!

நாலு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த கோட். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், தலையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் சொன்னபடி அனுப்பிவைத்தேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் மேனேஜர் இன்றைக்கும் அந்தக் கதையைத்தான் சொல்வார். தேர்வுக்கும் அதே கணக்கைத்தான் கொடுத்திருந்தேன்.

எந்தப் புல்லுருவி இதை வெளியே விட்டானோ! என் புரோகிராமை என்னிடமே அனுப்ப எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்!

சில வரிகளின் கடைசியில் வேண்டாத இரண்டாவது செமிகோலன். கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. அதுகூட அப்படியே இருந்தது. திருடிய கைக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை.

சும்மா நிராகரித்தால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. இரண்டு புரோகிராமையும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். மேனேஜரை அழைத்துவந்து உட்காரவைத்தேன். அவர் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஏழாம் எண்ணை உள்ளே அனுப்பச் சொன்னேன்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள்.

"தம்பி தயவுல வந்தேன்னு பேர் வந்துடக் கூடாதுன்னுதான் உன்கிட்ட மூச்சு விடலை" என்று சிரித்தாள்.

பிறகு திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேய், இது உனக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் எழுதிக் கொடுத்ததுதானே? அந்த ரெண்டாவது செமிகோலனை இன்னுமா எடுக்காம வெச்சிருக்கே?"