ஒரே மனதாக

‘டிங்.’

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“கச்சேரி ஆரம்பமாயிடுச்சு,” என்றான் இஸ்திரி போடுகிறவன்.

“நாம இங்க துணி வராம கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். அங்க ஆமை டம்ளர்ல தாளம் போடுது,” என்றாள் துணி மடிக்கிற அக்கா.

அது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைத் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் பிரித்துத் தள்ள, இந்தப் பக்கம் ஐந்து பேர் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்ப வேண்டும். பிரிக்கிறவருக்கு இவர்கள் வைத்த பெயர்தான் ஆமை. ஒவ்வொரு விரிப்பையும் மடிப்பு மடிப்பாகத் தடவிவிட்டுத்தான் தள்ளுவார். மணிக்குப் பத்து கட்டு வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வரும். என்ன செய்கிறார் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அவ்வளவு நாற்றம்.

மூன்று மாதமாக எல்லாக் கூடங்களிலும் இவர்கள்தான் கடைசி. மேலிடம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியது.

அவர் ஆறு பேரையும் வட்டமாக நிறுத்தினார். கைகோர்க்கச் சொன்னார். பலூன் ஊதச் சொன்னார். சிரித்தே பார்த்திராத பாய்லர்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார்.

“உங்க டீமைப் பின்னால இழுக்கிறது யாரு? மனசுல இருக்கிறதை எழுதுங்க. யார் பேர் அதிகமா வருதோ, அவருக்கு நாளையிலிருந்து இங்க வேலை இல்லை. மேலிடத்து உத்தரவு.”

“எனக்கு இந்த வேலையை விட்டா வேற தெரியாது சார்,” என்றார் ஆமை மெதுவாக.

“எல்லாருக்கும் ஒரே ரூல்தான், பெரியவரே.”

ஆமையின் மனைவி படுத்த படுக்கையாக இருப்பது ஐந்து பேருக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார்கள். ஐந்து சீட்டிலும் ஆமை.

ஆறாவது சீட்டைப் பிரித்த பயிற்சியாளர் புருவத்தைச் சுருக்கினார். “இதுல பேரே இல்லையே. ‘டப்பா நிறைஞ்சிடுச்சு. மூடி போட்ட டப்பா வேணும்’னு இருக்கு.”

“சாப்பாட்டு டப்பாவா இருக்கும்!”

குபீரென்று சிரிப்பு. ஆமையும் கூடச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“பாத்தீங்களா? இப்பதான் நீங்க ஒரு டீம். ஒரே மனசா முடிவெடுத்திருக்கீங்க!”

பயிற்சியாளர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

ஆமை கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசல்வரை போனவர் அக்காவிடம் திரும்பி வந்தார்.

“உள்ள கொஞ்சம் மெதுவா, பாத்து எடும்மா...”

“எங்களுக்கும் வேலை தெரியும்ணே. நீங்க கிளம்புங்க.”

மறுநாள் தடுப்புக்குப் பின்னால் அக்கா. துணிக்கட்டை அப்படியே அள்ளினாள், உதறினாள், தள்ளினாள்.

“அக்கான்னா அக்காதான்! ஒரு மணி நேரத்துல பன்னிரண்டு!” இந்தப் பக்கம் விசில் பறந்தது.

பதின்மூன்றாவது கட்டுக்குள் கையை விட்டவள் “ஸ்ஸ்...” என்று இழுத்துக்கொண்டாள்.

கையுறையில் ஒரு துளை. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. விரிப்பின் மடிப்புக்குள், யாருக்கோ போட்டுவிட்டு மறந்த ஊசி. யாருக்கோ. என்ன நோய்க்கோ.

அதைப் போட இடம் தேடி மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

ஒரு தகர டப்பா. விளிம்புவரை ஊசிகள், உடைந்த பிளேடுகள். அதன் பின்னால் துணியால் வாய் கட்டிய டப்பாக்கள் இன்னும் நான்கு.

இத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் ஒருவர் விரலில்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை.

கையிலிருந்த ஊசியை டப்பாவில் போட்டாள்.

‘டிங்.’

“என்னக்கா, ஆமை உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? துணி வரலையே!”

அக்கா விரலைக் குழாயடியில் வெகுநேரம் காட்டினாள். பிறகு அடுத்த விரிப்பை எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தடவ ஆரம்பித்தாள்.