ஏழு மணிச் சத்தம்

“இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டு மெய்ரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்காரி நெரிஸ் சிவப்பு வண்டியின் சாவியைத் திருப்பினாள். டீசல் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு கடையின் தகரக் கூரை அதிர ஓட ஆரம்பித்தது.

மெய்ரிக் இருபதடி தள்ளிப் போய் நின்று கேட்டார். அப்புறம் கேட் வரைக்கும் நடந்துபோய், முதுகைக் காட்டி நின்று கேட்டார்.

பண்ணை வண்டி வாங்க வருகிறவர்கள் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்கள், பின்தட்டில் ஏறிக் குதித்துப் பார்ப்பார்கள். வண்டியைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்ட ஆளை நெரிஸ் இதுவரை கண்டதில்லை.

பக்கத்தில் பச்சை வண்டி நின்றது. பேட்டரியில் ஓடுவது. ஒரே ஒரு மாதம் ஓடியது, விலை பாதி. இதற்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் தீவன மூட்டைக்கு இடம். குட்டி போடுகிற ஆடுகள் மிரளாது. டீசலுக்கு அலைய வேண்டாம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். மெய்ரிக்கின் நாய் ஜெஸ் யாரையும் கேட்காமல் அதில் ஏறி உட்கார்ந்து, தன் முடிவைச் சொல்லிவிட்டிருந்தது.

“நாய்க்கு இருக்கற புத்திகூட உங்களுக்கு இல்லையே” என்றாள் நெரிஸ். “இது வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. அவ்வளவு அமைதி.”

அந்த அமைதிதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மெய்ரிக்குக்கு எழுபத்து மூன்று வயது. வேல்ஸ் மலைச்சரிவில் முந்நூறு ஆடுகளோடு தனியாக இருக்கிறார். ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவில், இட்வால் தனியாக இருக்கிறார். இருவரும் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

இட்வாலின் கிடா சுவர் தாண்டி வந்து மெய்ரிக்கின் ஆடுகளோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தியதில் மூண்ட பகை. எல்லைச் சுவர் யார் பக்கம் இடிந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கிடா செத்தே பதினேழு வருஷம் ஆகிவிட்டது.

ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு எதிர்ச்சரிவில் இட்வாலின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் மெய்ரிக் தன் நாலு சக்கர பைக்கைக் கிளப்புவார். அவன் இருக்கிறான் என்று இவருக்குத் தெரியும். இவர் இருக்கிறார் என்று அவனுக்கும் தெரியும்.

போன பனிக்காலத்தில் மெய்ரிக் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். செல்போன் எடுக்காத மலை. கத்தினால் ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன.

ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸ் தானாக வந்தது. யாரோ ஒருத்தர் போன் செய்தாராம். பேர் சொல்லவில்லையாம். எதிர்ப் பண்ணையில் இன்றைக்கு வண்டி கிளம்பவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

மெய்ரிக் நன்றி சொல்லப் போகவில்லை. போகவேண்டும் என்று தினமும் நினைத்தார். வீம்பு பாதி, வெட்கம் பாதி.

இப்போது அந்த இடுப்போடு பைக்கில் காலைத் தூக்கிப் போட முடிவதில்லை. கார்போல் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி வேண்டும் என்று வந்திருக்கிறார்.

போன மாதம் ஒரு நாள் எதிர்ச்சரிவில் சத்தம் வரவில்லை. ஏழரை வரை காத்திருந்துவிட்டு, மெய்ரிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டு நடைவழியில் இருக்கும் போனுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் எண் மறக்கவில்லை.

“ஹலோ” என்றது இட்வாலின் குரல். மெய்ரிக் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம்தான் பார்த்தார். இட்வால் சத்தமே இல்லாத புது வண்டியில் மேட்டில் போய்க்கொண்டிருந்தான்.

தெரிந்துவிட்டது அல்லவா, அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஏழு மணிக்கு மனசு கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. தினமும் அந்த ஒரு ‘ஹலோ’வைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். முதல் வாரம் இட்வால் கண்டபடி திட்டினான். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டான். இவர் வைக்கும்வரை அவனும் வைப்பதில்லை.

தானும் சத்தமில்லாத வண்டி வாங்கிவிட்டால், இன்னொரு தடவை விழுந்தால் யாருக்குத் தெரியும்? தன் சத்தமாவது அந்தப் பக்கம் கேட்கட்டும்.

“சிவப்பே இருக்கட்டும்மா” என்றார் மெய்ரிக்.

நெரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “என்ன பள்ளத்தாக்குய்யா உங்களுது! இந்தப் பச்சையே உங்க எதிர்ப்பக்கத்து இட்வால் திருப்பிக் குடுத்ததுதான். நேத்து கொண்டாந்து விட்டுட்டு, இதே மாதிரி கத்தற சிவப்புல ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கு சாயங்காலம் லாரில ஏத்தறோம்.”

மெய்ரிக் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். “அதுல என்ன கோளாறாம்?”

“ஒரு கோளாறும் இல்லையாம். இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் தினம் காலங்காத்தால குளிர்ல எந்திரிச்சு போன் வரைக்கும் நடக்கணுமான்னு என்னமோ சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

மெய்ரிக் பச்சை வண்டியிடம் போய், இறங்க மனமில்லாத ஜெஸ்ஸைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இறக்கினார். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் குனிந்தே நின்றார்.

“உங்களுதையும் அதே லாரில அனுப்பிடறேன்” என்றாள் நெரிஸ். பிறகு சும்மா கேட்பதுபோல் கேட்டாள். “அவர்கிட்ட எதாவது சொல்லணுமா?”

மெய்ரிக் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சுவரு அவன் பக்கந்தான் இடிஞ்சுதுன்னு சொல்லு.”