நடைபயணத்துக்கு ஒரு டிக்கெட்

"நாய்க்கும் டிக்கெட் எடுக்கணுமாண்ணே?"

தருவைக்குளம் விலக்கில் ஏறிய பாஸ்கல் இப்படிக் கேட்டதும், வேம்பார் பஸ் கண்டக்டர் பிச்சையாவுக்கு நாயைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

மஞ்சள் தொப்பி. மஞ்சள் பனியன். நெஞ்சில் பெரிய எழுத்தில், 'குழந்தை ஸ்டெபியின் இதய ஆபரேஷனுக்காக, வேம்பார் முதல் தூத்துக்குடி வரை நடைபயணம்.' முதுகில் பணம் அனுப்புகிற கியூஆர் கோடு.

நாயின் மேலும் ஒரு மஞ்சள் துணி. அதில், 'நானும் நடக்கிறேன்.'

"என்னவே, நடக்கிறேன்னு எழுதிப் போட்டுட்டு பஸ்ல ஏறுதீரு?"

"ஒரு அவசரம்ணே. வைப்பாருக்கு ஒண்ணு குடுங்க. மேஜர் என் மடியில இருந்துக்கிடும்."

மேஜர் இருக்கவில்லை. நேராக மூன்றாவது சீட்டுக்குப் போய், அங்கே இருந்த தாணுலிங்கத்தின் செருப்பை நக்கி, வாலை ஆட்டியது. தாணுலிங்கத்துக்கு வேம்பாரில் பலசரக்குக் கடை. மடியில் இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ச்சீ, போ சனியனே! பாத்தியளா அநியாயத்த? பச்சப்புள்ள பேரச் சொல்லி ஊரெல்லாம் துட்டு வாங்கிட்டு, நோகாம பஸ்ல போறான்!"

"நெஞ்சுல ஓட்ட உள்ள புள்ளய வச்சு ஏமாத்துதானே, இவன் வெளங்குவானா?" என்றாள் பின்சீட்டு செல்வராணி.

"நேத்துதாம்ணே இவரு முதுக ஸ்கேன் பண்ணி காசு போட்டேன்" என்று எழுந்தான் இசக்கிராஜா. காலேஜ் பையன். கையில் போன். "வீடியோ எடுத்தாச்சு. எல்லா குரூப்புலயும் போட்டுருதேன். இனிமே எவன் குடுக்கான்னு பாப்போம்."

பாஸ்கலுக்கு முகம் செத்துப்போயிற்று.

"தம்பி, என்னைய என்ன வேணாலும் பேசு. வீடியோ மட்டும் போட்டுராத. அடுத்த வாரம் ஆபரேஷன். இன்னும் பாதிகூடச் சேரல."

"நடந்தால்லா சேரும்!" என்றார் தாணுலிங்கம்.

"உம்ம புள்ளயாவே?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லண்ணே. பக்கத்து வீட்டுப் புள்ள."

"பாத்தியளா! சொந்தப் புள்ளன்னாக்கூட போனாப் போகுதுன்னு விடலாம்!"

அது எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"பஸ்ஸுக்குள்ளயாவது நடக்கச் சொல்லுங்க!" என்று ஒரு குரல் வந்தது. அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

"ஆள்கள் கோவமா இருக்காவ. கொஞ்சம் நடந்துருமேன்" என்றார் கண்டக்டர்.

பாஸ்கல் நடந்தான். டிரைவர் சீட்டிலிருந்து பின்படிக்கட்டு வரை, திரும்ப டிரைவர் சீட்டுக்கு. பஸ் குலுங்க, கம்பிக்குக் கம்பி பிடித்துக்கொண்டு நடந்தான். இசக்கிராஜா அதையும் வீடியோ எடுத்தான்.

மேஜர் மட்டும் தாணுலிங்கத்தின் காலடியை விட்டு அசையவில்லை.

"நாய்கூட நடக்க மாட்டேங்கு பாரு!" என்று பஸ்ஸே சிரித்தது.

வைப்பார் வந்தது. விசில். பாஸ்கல் இறங்கப் போனான்.

"இங்கன எதுக்குவே இறங்குதீரு? தூத்துக்குடிக்குல்லா போகணும்?"

"ஆமாண்ணே."

"இந்த பஸ் வேம்பாருக்குல்லா..." என்று முன்பக்கம் கை நீட்டிய கண்டக்டர், நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

தூத்துக்குடி பஸ்ஸுக்குப் பின்பக்கம் இருந்தது.

"அதுக்குத்தாண்ணே ஏறினேன்" என்றான் பாஸ்கல். "காலையில இங்கன ஒரு மீன் வண்டி நின்னுச்சு. வாசத்துக்கு இது உள்ள தாவிருச்சு. பிடிக்கலாம்னு நானும் ஏறினேன். டிரைவர் பாக்காம கதவ அடச்சிட்டு எடுத்துட்டாரு. ஐஸ் பெட்டி மேல உக்காந்து தட்டுதேன், தட்டுதேன், அவரு பாட்டுச் சத்தத்துல கேக்கவே இல்ல. தருவைக்குளத்துலதான் திறந்தாரு. நடுவுல உள்ள தூரம் நாங்க நடக்கலல்லா?"

"அங்கன இருந்தே மிச்சத்த நடந்திருக்கலாமேண்ணே. யாரு பாக்கா?" என்றான் இசக்கிராஜா.

"டாக்டரு புள்ள நெஞ்சத் தைக்கையில நடுவுல கொஞ்சம் விட்டுட்டுத் தைச்சா, அதத்தான் யாரு பாக்கா?"

இசக்கிராஜா தலையைக் குனிந்து இரண்டு வீடியோவையும் அழித்தான்.

"நான் அப்பவே நெனச்சேன், பய நல்ல பயன்னு" என்றார் தாணுலிங்கம்.

"வா மேஜர்."

மேஜர் வந்தது. சும்மா வரவில்லை. தாணுலிங்கத்தின் பைக்குள் மூக்கை விட்டு, எதையோ இழுத்துக் கவ்விக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடியது.

"ஏ தம்பி, உன் தொப்பிய நாய் கவ்விட்டு வருது பாரு!" என்றாள் செல்வராணி.

பாஸ்கல் தலையைத் தொட்டுப் பார்த்தான். அவன் தொப்பி தலையில்தான் இருந்தது.

நாயின் வாயிலிருந்த மஞ்சள் தொப்பியை வாங்கினான். எச்சிலைப் பனியனில் துடைத்தான். ரோட்டில் இறங்கி நின்று, ஜன்னல் வழியாகத் தாணுலிங்கத்திடம் நீட்டினான்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றார் கண்டக்டர். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. தாணுலிங்கம் எதிரே தெரிந்த உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே" என்றான் பாஸ்கல். "நேத்து வேம்பார்ல இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு எங்ககூடத்தான் நடக்கக் கிளம்புனாக. மேஜருக்கு பன்னு குடுத்து போட்டோல்லாம் எடுத்தாக. நாங்கதான் இன்னும் பாதி வழியில கிடக்கோம். அண்ணாச்சி அதுக்குள்ள தூத்துக்குடிக்கே போய்ச் சேந்து, திரும்பியும் வந்துட்டாக!"