உட்கார வைத்தவள்

அவள் பார்த்துவிட்டாள்.

எகிறிப் பந்தைப் பிடித்துத் தரையிறங்கியபோது பேச்சியம்மாளின் இடது முட்டி உள்பக்கமாக ஒருதரம் மடிந்தது.

கேலரியில் யாருக்கும் தெரியவில்லை. நடுவருக்கும் தெரியவில்லை. கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்ற கோச், அவளுக்குத் தெரிந்தது.

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதியாட்டம். மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகிறது. அவளுடைய பெண்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

பேச்சி நிமிர்ந்தாள். வலியை முகத்துக்கு வரவிடாமல் ஓடினாள்.

எதிரணியின் ஏழாம் நம்பர் கெட்டிக்காரி. அந்த இடது பக்கமாகவே புகுந்து பார்த்தாள். பேச்சி திரும்புவதற்குள் தாண்டிப் போய்விட்டாள்.

கூடை.

மறுபடியும் அதே பக்கம். மறுபடியும் கூடை.

கோச் டைம்-அவுட் கேட்டாள்.

"பேச்சி, உக்காரு."

"ஒண்ணுமில்ல மிஸ். நா ஆடுதேன்."

சொல்லும்போது பேச்சியின் கண் கேலரியில் இருந்தது. ரயில்வே அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் அங்கே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோச்சே போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தவர். எங்க பேச்சி ஆடுறத ஒருதடவ பாருங்க சார், அப்புறம் பேசுங்க என்று சொல்லியிருந்தாள்.

அணியில் எடுத்து ரயில்வே வேலை கிடைத்தால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். கிடைக்காவிட்டால் வள்ளியூரில் அத்தை மகன் தயாராக இருக்கிறான். குடித்துவிட்டுப் பெற்ற தாயையே அடிக்கிறவன். பேச்சிக்கு இது கடைசி வருஷம்.

"இன்னைக்கு ஒருநாள் மிஸ். போனா போகட்டும். என் காலுதான?"

கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். ஜெர்லினைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பதினொன்றாம் நம்பர் ஜெர்லின், கூடையைப் பார்த்துப் பந்தை எறியவே பயப்படுகிற பெண். ஆனால் ஒருத்தியோடு ஒட்டினால் விடமாட்டாள்.

"ஏழாம் நம்பர் தண்ணி குடிக்கப் போனாலும் நீ பின்னாலயே போகணும். போ."

போனாள். நனைந்த துணி உடம்பில் ஒட்டுவதுபோல் ஒட்டினாள். கடைசி குவார்ட்டரில் ஏழாம் நம்பரால் மூச்சுவிட முடியவில்லை.

ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

பெண்கள் ஓடிவந்து கோச்சைத் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து பெஞ்ச் தெரிந்தது. முட்டியில் கட்டிய ஐஸ் உருகிக் காலுறை நனைய, பேச்சி கைதட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டினாள்.

கேலரியிலிருந்து ரயில்வேக்காரர் இறங்கி வந்தார்.

"நல்ல நேரத்துல ஆள மாத்துனீங்க மேடம். அந்தப் பதினொண்ணாம் நம்பர் யாரு?"

அவள் பேச்சியைப் பற்றிச் சொன்னாள். முட்டி சரியானதும் ஒருமுறை கூப்பிட்டு ஆடவிட்டுப் பாருங்கள் என்றாள். இந்த வருஷம் ஒரு இடந்தான் மேடம் என்றார் அவர்.

ஜெர்லினுக்கு வேலை கிடைத்தது.

எலும்பு டாக்டர் பேச்சியின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழியல, லேசா இழுபட்டிருக்கு, ரெஸ்ட் எடுத்தா போதும் என்றார்.

"ஆடியிருந்தா?" என்று கோச் கேட்டாள்.

"கிழிஞ்சிருக்கலாம். ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம். அத இனி யாரு சொல்ல முடியும்?"

அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரிக் கோச் என்று அவளுக்கு விருது கொடுத்தார்கள். ஒரு கோப்பைக்காக மாணவியின் காலைப் பணயம் வைக்காத தாயுள்ளம் என்று மேடையில் ஒருவர் தழுதழுத்தார். சால்வையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மறுநாள் பேப்பரில் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். ஆட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சட்டென்று அடைத்த மூளை என்று.

முதலாவதையே நம்பிக்கொண்டாள். தூக்கம் வந்தது.

வைகாசியில் பேச்சி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள்.

சாமான் அறையில் கோச் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஊர் என்று வள்ளியூர் போட்டிருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா மிஸ்? கோவப்படக் கூடாது."

"கேளு பிள்ள."

"அன்னைக்கு என்ன உக்கார வச்சீங்கள்லா. அது என் முட்டிக்காவயா, ஏழாம் நம்பருக்காவயா?"

முட்டிக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

முட்டி மடிந்தபோது அவள் டைம்-அவுட் கேட்கவில்லை. கைகட்டி நின்றாள். ஒரு கூடை விழுந்தது. அப்போதும் கேட்கவில்லை. இரண்டாவது விழுந்த பிறகுதான் கேட்டாள்.

பம்ப்பிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தாள்.

பேச்சி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு.

"கல்யாணத்துக்கு வந்துருங்க மிஸ். டீம் பிள்ளைலுவளயும் கூட்டிட்டு வாங்க."

கேட்டுக்கு வெளியே பஸ் ஹார்ன் கேட்டது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச்சி மைதானத்தின் குறுக்கே ஓடினாள்.

சீரான ஓட்டம். எந்த அணியும் எடுத்துக்கொள்ளும்.